கெனானின் மூக்கு படிந்த பாறை

அம்மா, உங்கள் அண்ணன் மகன் கெனானின் கல்யாண விஷயத்தை நம் ஊர் அகதேசில் யாரிடமும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். முதலில் நடந்ததை முழுதாகக் கேளுங்கள். கூட இருந்து கேட்கிற அக்கா வீட்டுக்காரருக்கு இங்கே இருப்பவர்களைத் தெரியாது. அவருக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம், பாலைவன மலையடியில் இருக்கும் இந்த ஜானெத் ஊரில் கெனான் வழிகாட்டி. மலையில் இருக்கும் பழைய பாறை ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப் போகிறான். நான் அவன் கூட்டத்துக்குச் சமையல்காரன். அவன் ஆசைப்படுவது தெலெத் என்கிற பெண்ணை. பெண்ணுக்குச் சம்மதம். சம்மதம் இல்லாதது அவள் அம்மா தெக்கதைத்துக்கு. அந்த அம்மாவின் ஆடுகள் மலை இடுக்கு முழுக்க மேயும். அவள் நாக்கு ஆடுகள் போகாத இடத்துக்கும் போகும்.

காரணம் ஒரு காலண்டர். பயண நிறுவனம் ஒன்று அடித்துக் கொடுத்த காலண்டரில் ஒரு மாதத்துக்குக் கெனானின் படம். நம் ஆண்கள் வாயை மறைத்துக் கட்டும் முகத்துணி கழுத்துக்கு இறங்கிக் கிடக்க, வாய் நிறைய மக்ரோனியோடு சிரிக்கிறான். அதைக் கொண்டுபோய் ரொட்டிக் கடையில் மாட்டியிருக்கிறார்கள். ரொட்டி வாங்கப் போன தெக்கதைத் பார்த்துவிட்டாள். மாப்பிள்ளையாக வரப்போகிறவனின் வாயை, அதுவும் மென்றுகொண்டிருக்கிற வாயை, எந்த மாமியார் தாங்குவாள்? மாதம் முடிந்த பிறகும் கடைக்காரன் ஏட்டைத் திருப்பவில்லை. அந்தக் குற்றமும் கெனான் தலையிலேயே விழுந்தது.

"மூடத் தெரியாத வாய்க்கு எம் பொண்ணு எதுக்கு?" என்று ஊர் முழுக்கக் கேட்டுவிட்டாள்.

பெண் கேட்ட நாளிலிருந்து மாமியார் எதிரில் நிற்கக் கூடாது, பேசக் கூடாது, சாப்பிடவே கூடாது என்பது நம் வழக்கத்தில் எல்லா மாப்பிள்ளைக்கும் உள்ளதுதான். காலண்டருக்குப் பிறகு கெனான் அதை இரண்டு மடங்காக்கிக்கொண்டான். தெருக்கோடியில் அவள் தலை தெரிந்தால் யார் வீடு என்று பார்க்காமல் உள்ளே நுழைந்துவிடுவான். ஒரு முறை பிரசவ வீட்டுக்குள் நுழைந்து அடி வாங்கினான். மாமன் மகனைக் கிண்டல் செய்வது என் உரிமை, நான் விடுவேனா? "மச்சான், உன் மாமியாரைப் பந்தயத்துல பின்னாடி விட்டா ஒட்டகத்தையே நீ முந்திருவ" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

நல்ல பேரை மீட்கத்தான் உங்களிடம் அந்தப் புது முகத்துணியைக் கேட்டான். அவுரியில் தோய்த்து, பளபளக்கும்வரை தட்டிய உசத்தித் துணி. பெரியவர்களோடு மறுபடி பெண் கேட்கப் போகும்போது கட்டிக்கொள்ள வேண்டியது. அது வந்ததும் இவனுக்குப் பொறுமை இல்லை, வேலைக்கே கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அந்தப் பயணத்தில் எங்களையும் ஒட்டகக்காரனையும் தவிர இரண்டு பேர் வந்தார்கள். தலைநகரிலிருந்து பேராசிரியை வசீலா. எந்தப் பாறை ஒதுக்கில் எந்த ஓவியம் எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவு செய்வது அவர் வேலை. கூடவே இந்த மலைப் பகுதியைக் காக்கும் அரசுப் பூங்காவின் அதிகாரி பூஆலெம், கடற்கரை ஊர்க்காரர், இந்தப் பக்கம் வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. எனக்கு இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் சரியில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எல்லைக்குப் போகும் லாரியில் எந்த நேரமும் என்னை ஏற்றலாம். அதிகாரி பக்கத்தில் வந்து நின்றால் என் கை உப்பை இரண்டு தரம் போட்டுவிடுகிறது.

முதல் நாள் மதியம் அவர்கள் இருவரும் கூடாரத்தில் படுத்துவிட்டார்கள். நானும் கெனானும் மேலே இடுக்கில் இருக்கும் பாறை ஒதுக்குக்குச் சாப்பிடப் போனோம். குடை விரித்த மாதிரி பாறை, அடியில் நல்ல நிழல். சுவரில் காவி நிறத்தில் மாடுகள், அவற்றுக்கு நடுவே உருண்டைத் தலை மனிதர்கள். ஒருவருக்கும் கண், வாய் கிடையாது. கெனானுக்கு அவர்கள்மேல் பொறாமை. மாமியாரை வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்தவர்கள் அவர்கள்தான் என்பான்.

மணலுக்குள் சுட்ட ரொட்டியைப் பிய்த்துச் சட்டியில் போட்டு, குழம்பு ஊற்றி, ஆளுக்கொரு கரண்டியோடு உட்கார்ந்தோம். கெனான் முகத்துணியை இறக்கி வாய் நிறைய அள்ளிப் போட்டான். அந்த நேரம் பார்த்து ஆடுகள் உள்ளே நுழைந்தன. ஆடுகளுக்குப் பின்னால் யார் வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியே போக அந்த ஒரு வழிதான். கெனான் துணியைக் கண்வரை இழுத்துவிட்டான். ஒதுக்கின் கோடியில் விழுந்து கிடந்த பெரிய பாறைக்குப் பின்னால் போய், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். நெற்றி, மூக்கு, இரண்டு உள்ளங்கை எல்லாம் பாறைமேல்.

தெக்கதைத் வந்தாள், சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். டீ போடச் சொன்னாள். நம் மூன்று கோப்பை டீ எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் கோப்பையில் ஆடுகளின் கதை. இரண்டாவதில் கெனானின் வாய். மூன்றாவதில் கெனானின் வாயையும் ஆட்டின் வாயையும் ஒப்பிட்டாள், ஆடு தேவலை என்று முடித்தாள். பாறைக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நான் அவன் மயங்கிவிட்டானோ என்று பயந்தேன்.

அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன பிறகு கெனான் வெளியே வந்தான். கன்னம் உப்பியிருந்தது. போட்ட கவளத்தை இவ்வளவு நேரமும் விழுங்காமல் வைத்திருந்திருக்கிறான். மாமியார் இருக்கும் இடத்தில் எப்படி விழுங்குவது? அதைத் துப்பிய பிறகுதான் அவனால் பேச முடிந்தது. பேச வேண்டியது சுவரில் இருந்தது.

வேர்வையில் புதுத் துணியின் நீல அவுரிச் சாயம் முகத்திலும் கையிலும் இறங்கி, ஒரு நெற்றி, ஒரு மூக்கு, இரண்டு கைகள் பாறையில் அச்சாகப் பதிந்திருந்தன. இரண்டு உருண்டைத் தலை மனிதர்களுக்கு நடுவில், அவர்களுடைய சொந்தக்காரன் மாதிரி.

தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்றேன். கெனான் என்னை முறைத்தான். ஓவியத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பக்கத்து வண்ணமும் கரையும், பிறகு ஜெயில்தான். சுற்றுலாக்காரர்களை அதற்காகத் திட்டுகிறவனே அவன். இப்படியே விட்டாலும் ஜெயில்தான். ஜெயிலுக்குப் போனவனுக்குத் தெக்கதைத் பெண் கொடுக்கப் போவதில்லை.

மறுநாள் காலை பேராசிரியை நேராக அந்த ஒதுக்குக்குத்தான் போனார். வேறு இடம் காட்டுகிறேன் என்று கெனான் சொல்லிப் பார்த்தான், அவர் கேட்கவில்லை. சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அதிகாரியும் நின்றார். இருவரும் பார்த்தது ஒன்றையே, கண்டது வேறு வேறு.

"இந்த மலையில நீலம் இதுவரைக்கும் எங்கேயுமே கிடைச்சதில்ல" என்றார் பேராசிரியை.

"அதனாலதான் மேடம் சொல்றேன், இது எவனோ நேத்துப் பண்ணினது" என்றார் அதிகாரி.

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒட்டகக்காரனிலிருந்து நான்வரை எல்லார் கன்னத்திலும் முகத்துணியின் நீலம். நாங்கள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று ஒட்டகக்காரன் சொன்னான். அதைக் கேட்டுப் பேராசிரியைக்கு இன்னும் உற்சாகம் வந்தது. அப்படியானால் இந்த வழக்கமே நாம் நினைத்ததைவிடப் பழையதாக இருக்கலாமே என்றார். நெற்றியும் மூக்கும் பாறையைத் தொடும்படி ஒருவன் நின்றிருக்கிறான், மிகப் பெரிய ஒரு சக்திக்கு முன்னால் பயபக்தியோடு நின்றிருக்கிறான் என்று விளக்கினார். கெனான் தலையைக் குனிந்துகொண்டான். பேராசிரியை சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

ஆனாலும் பேராசிரியை ஏமாளி இல்லை. பழசா புதுசா என்று சோதனைக்கு அனுப்பித்தான் சொல்ல முடியும் என்றார். அதற்கு முன் இந்த ஒதுக்கை நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கேட்போம் என்று முடிவானது. அப்படி ஒருத்திதான் உண்டு. ஒட்டகக்காரன் போய்த் தெக்கதைத்தைக் கூட்டி வந்தான். அவள் வருவது தெரிந்ததும் கெனான் ஒட்டகங்களைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிட்டான். அவளுக்கு அரபி தெரியாது, ஒட்டகக்காரனுக்கு அரைகுறைதான். மொழிபெயர்க்க மிச்சம் இருந்தது நான்.

இந்த நீலம் முன்பே இருந்ததா, இப்போது வந்ததா என்று அதிகாரி கேட்டார். நான் நம் பேச்சில் சொன்னேன். அவள் சுவருக்குப் பக்கத்தில் போனாள். மூக்கு அச்சின் உயரத்தைத் தன் தலையோடு அளந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து சட்டியில ரெண்டு கரண்டி கெடந்துச்சு, அகதேசுக்காரா. நீ ஒருத்தன்தானே உக்காந்திருந்த?"

அதிகாரிக்கு ஏதாவது புரிந்ததா என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் தொடர்ந்தாள்.

"எவ்வளவு நேரம் நிக்கிறான்னு பாக்கத்தான் மூணு கோப்பையும் குடிச்சேன். வாயில இருந்தத முழுங்கினானா?"

"இல்ல அத்தை. நீங்க போன பொறகு துப்பிட்டான்."

அவள் முகத்தில் காலண்டரைக் கிழித்துப் போட்ட மாதிரி ஒரு நிம்மதி. என்ன சொல்கிறாள் என்று அதிகாரி அவசரப்படுத்தினார். இன்னும் யோசிக்கிறாள் என்றேன்.

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்பவே இது இருந்துச்சுன்னு சொல்லு. அவனப் பெரியவங்களோட வந்து பொண்ணு கேக்கச் சொல்லு. ரெண்டாவத இந்தாள்கிட்ட சொல்லித் தொலச்சிராத."

முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு தெக்கதைத்தின் கையைப் பிடித்தார். அதிகாரிக்கு மட்டும் முகம் தெளியவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவ்வளவு அரியது என்றால் இன்றிலிருந்து இந்த ஒதுக்குக்குள் ஆடு நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

அதையும் நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"பழசுன்னு எவன் சொன்னான் இவருகிட்ட?"

"நீங்கதான் அத்தை சொன்னீங்க."

சொன்னதை மாற்றினால் மாப்பிள்ளை உள்ளே போவான். மாற்றாவிட்டால் ஆடுகள் வெயிலில் நிற்கும். ஆடுகளைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள். அவள் எதையும் சும்மா விட்டுக் கொடுக்கிறவள் இல்லை.

"அப்போ எதிர்ப்பக்கம் கல்லுல ஒரு பட்டியை அவன் கட்டட்டும். நெழலோட. பட்டி முடிஞ்ச அன்னைக்குத்தான் கல்யாணம்."

ஒட்டகங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கெனானிடம் போய்ச் சொன்னேன். அவன் முதலில் என்னைக் கட்டிப் பிடித்தான், பிறகு எதிர்ப்பக்கத்துச் சரிவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அங்கே ஒரு கல்லைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பேராசிரியை சுவரிலிருந்து கொஞ்சம் நீலத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் போய்விட்டார். சோதனை முடிவு வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட வேண்டும் என்று இவன் துடிக்கிறான். மாப்பிள்ளை ஆன பிறகு ஜெயிலுக்குப் போனால் பெண்ணைத் திருப்பிக் கேட்க மாட்டார்களாம், அது அவன் கணக்கு.

ஆனால் வேலை நகரவில்லை. தெக்கதைத்துக்கு மாப்பிள்ளையின் அடக்கம் இப்போது அவ்வளவு பிடித்துவிட்டது. பட்டி எப்படி வளர்கிறது என்று பார்க்கத் தினமும் வருகிறாள். வந்தால் சீக்கிரம் போவதில்லை. அவள் இருக்கும்வரை இவன் கல்லைத் தொட முடியாது, எங்காவது மறைய வேண்டும். மறைய இருப்பது அவன் கட்டிய சுவர் ஒன்றுதான், அது இடுப்பு உயரம்கூட இல்லை. அதனால் அதன் பின்னால் படுத்துக்கொள்கிறான். நான் நடுவில் நிற்கிறேன்.

நேற்று அவள் வந்து சுவரை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"கோணலா இருக்கு. பிரிச்சுட்டு மறுபடி கட்டணும்னு அங்க படுத்திருக்கிற கல்லுகிட்ட சொல்லு."

நான் குனிந்து கல்லிடம் சொன்னேன். சரி என்றது.