காலிக் கூடத்தில் எடுத்த சோதனை

சோப்புத் தொழிற்சாலையில் கருவிப் பொறியாளராக இருந்த அவளுக்கு வேறு எதைக் கண்டும் பயமில்லை. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் மட்டும்தான். ஆளைக் கவிழ்க்க அது ஒன்று போதாதா?

சோப்பு காய்ச்சும் தொட்டிகள் நிற்கும் கூடத்தில், சூட்டை அளக்க சென்சார்கள் வைப்பது என்று முடிவானது. அவை கட்டுப்பாட்டு அறையோடு எந்த வழியில் பேசுவது என்று தேர்ந்தெடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஒரே கேபிளைச் சென்சார் விட்டுச் சென்சாராக இழுத்துக்கொண்டு போகலாம்; எல்லாம் அந்த ஒன்றில் முறைவைத்துப் பேசிக்கொள்ளும். கேபிளே வேண்டாமென்றால் வயர்லெஸ். மேலாளருக்கு இரண்டும் சம்மதம். எதைக் கேட்டாலும் "சரி, பாக்கலாம்" என்பதால் அவருக்குப் பெயரே 'சரி பாக்கலாம்' என்று ஆகியிருந்தது.

சிக்கல் அவளுடைய அண்ணன். தொழிற்சாலைகளுக்குக் கேபிள் இழுத்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தான். அந்த வட்டாரத்தில் இந்த வேலைக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. கேபிள் என்று அவள் எழுதினால் வேலை நேராக அவனிடம்தான் போய் நிற்கும். கூடப்பிறந்தவனுக்காக எழுதிவிட்டாள் என்று கேன்டீனில் வாயில் போட்டு மெல்லுவார்கள். அவன் ஒருநாளும் தங்கையிடம் சிபாரிசுக்கு வந்து நின்றதில்லை என்பதெல்லாம் மெல்லுகிற வாய்க்கு எதற்கு?

ஒரு விடுமுறை நாளில் வயர்லெஸ்ஸைச் சோதித்தாள். காலிக் கூடத்தில் சிக்னல் ராஜா மாதிரி வந்தது. வேலை நாளில் இன்னொரு முறை பார்த்தாள். சோப்புக் கட்டிகள் அடுக்கிய இரும்புத் தள்ளுவண்டிகள் தொட்டிகளுக்கு நடுவே வந்து நின்றதும் திரையில் எண்கள் அப்படியே நின்றுவிட்டன. வண்டிகள் நகர்ந்த பிறகுதான் உயிர் வந்தது. கண்ணால் பார்த்தாள். வண்டி என்ன நாள் முழுக்கவா நிற்கப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, விடுமுறை நாள் சோதனையை மட்டும் காட்டி வயர்லெஸ் என்று எழுதிக் கொடுத்தாள். நேர்மையானவள் என்று பெயர் வாங்கப் போய் நேர்மையைத் தொலைத்தாள். வேறு எப்படிச் சொல்வது?

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"வயர்லெஸ்னு எழுதிட்டேண்ணா. கோவமா?"

"இதுல என்ன கோவம்? எது நல்லதோ அதைத்தானே எழுதணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான். "அவ்வளவு இரும்புக்கு நடுவுல நிஜமாவே வேலை செய்யுமா?"

"செய்யும்ணா," என்றாள், அண்ணி கொடுத்த காபியைப் பார்த்துக்கொண்டே.

கொஞ்ச நாளில் அண்ணன் கடையை மூடிவிட்டு ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். முதுகு வலி, ஏணி ஏற முடியவில்லை என்றான். நம்புவது அவளுக்கு வசதியாக இருந்தது, நம்பினாள்.

கூடத்தில் வயர்லெஸ் பொருத்தியாகிவிட்டது. அப்புறம் ஒருநாள் நிறைய வண்டிகள் சேர்ந்தாற்போல் வந்து நின்றன. திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்க, ஒரு தொட்டி சூடு தாங்காமல் பொங்கி வழிந்தது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லாதது யார் செய்த புண்ணியமோ.

மேலாளர் அவளைக் கூப்பிட்டுத் திட்டக்கூட இல்லை. "சரி, கேபிளே போட்டுடலாம். உங்க அண்ணனைக் கேட்டுப் பாருங்க."

"அவர் என் அண்ணன்னு உங்களுக்கு..."

"தெரியாதா பின்ன? அப்பவே இந்த வேலை அவருக்குத்தான் போகும்னு கேன்டீன்ல எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நல்ல வேலைக்காரராச்சே, வந்தா நல்லதுன்னு."

அன்றே அவள் கிடங்குக்குப் போனாள்.

கிடங்கில் அண்ணன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் கையை உதறிக்கொண்டு சிரித்தான்.

"கருவியெல்லாம் வித்தாச்சேம்மா. ஏணிகூட இல்லை."

"முதுகு வலிக்காகத்தானேண்ணா மூடினே?"

"முதுகு எப்பதான் வலிக்கலை? நீ சொன்னதை வெச்சுதான் மூடினேன். அந்த இரும்புக் காட்டுலயே வயர்லெஸ் வேலை செய்யுதுன்னா, இனிமே கேபிளை எவன் கேக்கப் போறான்? உங்க அண்ணிகூட இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னுதான் சொன்னா. என் தங்கச்சி சோதிச்சுப் பாக்காம சொல்ல மாட்டான்னுட்டேன். நீ வருத்தப்படுவியேன்னுதான் முதுகு மேல பழியைப் போட்டேன்."

அவன் கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பாள். இந்தப் பெருமையை எங்கே கொண்டு வைப்பது?

"அண்ணா, வண்டி வந்தா நின்னுடும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். சோதிச்சப்பவே பாத்தேன்."

அவன் தூக்கிய அடுத்த பெட்டியைக் கீழே வைத்தான்.

"தெரிஞ்சுமா செய்யும்னு சொன்னே?"

"அண்ணனுக்கே குடுத்துட்டான்னு பேசுவாங்களேன்னு பயந்துட்டேன்."

அவன் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"யாரும்மா பேசுவாங்க?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கேன்டீன் மேசைகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் தேடிப் பார்த்தாள். அப்படிப் பேசக்கூடிய ஒரு முகம்கூட அவளுக்கு நினைவு வரவில்லை.