அசெம்பிளி பாயிண்ட்டில் இருவர்

சிப்காட் கம்பெனி ஒன்றில் சேஃப்டி ஆபீசராக இருந்து ரிட்டையரான ஜெபதுரை அலாஸ்கா போய் வந்தது, ஓசூர் பாகலூர் ரோட்டில் யாருக்காவது தெரியாது என்றால், அவர்கள் அந்த மாதம் ஊரில் இல்லை என்று அர்த்தம். சியாட்டிலில் இருக்கும் மகன் பென்சன், அப்பா அம்மாவைச் சின்னக் கப்பல் ஒன்றில் ஏற்றி, தானும் கூடப் போய், பனியாறு காட்டி அனுப்பியிருந்தான். சுகமாகத் திரும்பியதற்கு வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். ஜெபம் முடிந்து கேசரி வருமுன் ஜெபதுரை சாட்சி சொல்ல எழுந்துவிட்டார்.

"பத்து மாடி உயரத்துக்குப் பனிச்சுவரு. என் கண்ணு முன்னாடி அப்படியே பொளந்து கடல்ல விழுந்துச்சு. பக்கத்துல ஒரு திமிங்கலம் வேற வாலைத் தூக்குச்சு."

"அல்லேலூயா!" என்றார் போதகர். "ஞாயித்துக்கெழம சபையிலயும் இதைச் சொல்லணும் பிரதர்."

கேசரித் தட்டோடு நின்ற அவர் மனைவி அருள்செல்விக்கு மட்டும் அல்லேலூயா வரவில்லை. மனுஷன் எதையும் பார்க்கவில்லை. அதை மன்னித்துவிடலாம்; அவளையும் பார்க்க விடவில்லையே.

அந்தக் கப்பலில் மிருகமோ வேறு அதிசயமோ தென்பட்டால் மணி அடிப்பார்கள், எல்லோரும் மேல்தளத்துக்கு வர வேண்டும். முதல் நாளே சொன்னார்கள். அப்போது ஜெபதுரை பெட்டிக்குள் இட்லிப்பொடி கொட்டிவிட்டதா என்று குடைந்துகொண்டிருந்தார். பனியாற்றின் முன் கப்பல் நின்றபோது மணி அடித்தது. ஆபத்து மணி அடித்தால் என்ன செய்வதென்று அவருக்கா தெரியாது? மூன்று ஷிஃப்டுக்கும் வகுப்பெடுத்தவராயிற்றே! லைஃப் ஜாக்கெட்டைத் தானும் மாட்டி, அவளுக்கும் மாட்டி, ஊரே முன்பக்கம் ஓடும்போது அவளைப் பின்பக்கத்தில், ஆபத்து நேரத்தில் எல்லோரும் கூட வேண்டிய அசெம்பிளி பாயிண்ட்டுக்கு இழுத்துப் போனார். அங்கே அவர்கள் இருவரும், சுருட்டி வைத்த ஒரு கயிறும்தான். முன்பக்கம் இடி இடித்தது போல ஒரு சத்தம், பிறகு கைதட்டல்.

"கைதட்டுறாங்க பாருங்க," என்றாள்.

"ஆல் கிளியர் சொல்லாம நகரக்கூடாது."

பென்சன் எடுத்த வீடியோவை அவள் அன்றிலிருந்து பார்க்கவே இல்லை. பார்த்தால் வயிறு எரியும்.

கூட்டத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக் கமலக்கண்ணன் விடுவதாயில்லை. ஹெல்மெட் போடாமல் ஜெபதுரையிடம் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவர். "வீடியோ போடுங்க சார்."

டிவியில் ஓடியது, சத்தமில்லாமல். மியூட்டில் வைத்தது யார் என்று சொல்லவா வேண்டும்?

"சவுண்டு வரலீங்களே சார்?"

"ஐஸுக்கு என்னப்பா சவுண்டு?"

ரிமோட் அருள்செல்வி பக்கத்தில் கிடந்தது. ஜெபதுரை கண்ணாலேயே வேண்டாம் என்றார். அந்தக் கண்ணுக்கு அவள் எத்தனையோ முறை கட்டுப்பட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, சபை முழுக்க உட்கார்ந்திருக்க, அவர் மறுபடி எழுந்து நிற்பதை நினைத்தாள். பட்டனை அழுத்தினாள்.

காற்றின் இரைச்சல். அதற்கும் மேலே, கேமராவுக்குப் பின்னாலிருந்து எல்லோருக்கும் பழகிய குரல்: "அந்தப் பக்கம் ஓடாதீங்க! லைன்ல வாங்க! அருளு, நீ என்கூட வா, தலைய எண்ணணும்!"

முதலில் சிரித்தது கமலக்கண்ணன். "ரெண்டு தலையும் சரியா இருந்துச்சுங்களா சார்?" போதகர் இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

ஜெபதுரை ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அருள்செல்வி காதில் விழவில்லை. திரையில் நீலச்சுவர் மெல்லச் சாய்ந்து விழுந்தது. மிதந்த பனிக்கட்டிகள் மேல் படுத்திருந்த கடல்நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. திமிங்கலத்தை மட்டும் காணோம்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்று அதட்டிவிட்டு, வீடியோவை முதலிலிருந்து போட்டாள். கேசரி ஆறிக்கொண்டிருந்தது.