ஈர மணல்

வெள்ளை மணலில் வெள்ளைக் கோலம் தெரியாது. திருப்புலிவனத்தில் பிறந்த எவளுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்கும்? மாலத்தீவுக்கு வந்த மறுநாள் காலை அரிசி மாவை எடுத்துப் பதினொரு புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தால், ஒரு புள்ளியையும் காணோம். பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் தமிழரசனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கணக்கு டீச்சர் கோலம் போட்டாங்களாம், மண்ணு துன்னுட்டுப் பூடுச்சாம்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. வாளியை எடுத்துத் தண்ணீர் தெளித்தேன். ஊர் வாசலுக்கு ஒரு சொம்பு போதும். இந்த மணல் ஊற்ற ஊற்றக் குடித்தது. இரண்டு வாளி போன பிறகுதான் கருத்து, கோலம் பளிச்சென்று எழுந்தது. கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பூத்துவிடுகிறது என்று வாசலோரம் இருந்த நல்ல தண்ணீர்க் குழாயையே திறந்தேன். அன்று முதல் தினமும் இரண்டு வாளி. அவருக்கு முதலில் பயம்தான். இது முஸ்லிம் ஊர், யாராவது ஏதாவது சொல்வார்களோ என்றார். புள்ளியும் கோடும் கணக்குதானே, இதற்கு மதம் ஏது என்று சொல்லி வாயை அடைத்தேன்.

இந்த வீடு கிடைத்ததே பெரும்பாடு. கல்யாணமாகி ஆறு வருடம் அவருக்கு வேலூர்ப் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் வேலை, எனக்கு உத்திரமேரூரில். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகிற புருஷன். ஒரே தீவில் இரண்டு பேருக்கும் வேலை என்றதும், சேர்ந்து குடித்தனம் நடத்தலாம் என்ற ஒரே ஆசையில் கிளம்பினோம். வந்து பார்த்தால் பள்ளிக்கூட விடுதியில் ஆண்களுக்குத் தனி அறை, பெண்களுக்குத் தனி அறை. தீவில் வாடகைக்குக் கிடைத்தது இந்த வீட்டின் பின்பகுதி மட்டும்தான். முன்பகுதியில் ஓனர் ஷிஃபானா, கடலுக்குப் போகும் அவள் கணவன், எட்டு மாதக் கைக்குழந்தை. இதை விட்டால் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை.

ஷிஃபானாவிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. கூரை மழையைப் பிடித்து வைக்க, எங்கள் இரண்டு பகுதிக்கும் நடுவில் ஆளுயர பிளாஸ்டிக் டேங்க் ஒன்று நின்றது. தினமும் காலையில் அதன் மேல் காதை வைத்து, மேலிருந்து கீழே விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வருவாள், பலாப்பழம் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல.

"இன்னா சசி, அந்தப் பொண்ணு தெனம் டேங்க்க தட்டிக்கினு கீது?"

"திருஷ்டி கழிக்குதோ இன்னாவோ."

"போயி கேளேன்."

"டீச்சரு போயி கேப்பாளா? இதுகூடத் தெரியாதான்னு நெனைக்க மாட்டாங்களா?"

கேட்கவில்லையே தவிர, எனக்குத் தலை வெடித்தது. தினமும் சமையலறை ஜன்னல் வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. நான் கோலம் போடும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்துக் கதவோரம் நிற்பாள். நான் நிமிர்ந்தால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை தலைகீழ். ஊரில் நான் பாடம் நடத்தினால் குண்டூசி விழுகிற சத்தம் கேட்கும். இங்கே ஆறாம் வகுப்பில் நான் வாயைத் திறப்பதற்குள் நாலு கேள்வி வந்து விழும். என் தம்பி சேட்டு, "ஏரி கோடி போவுதுக்கா" என்று அனுப்பியிருந்த பழைய வீடியோவை ஒருநாள் காட்டினேன். உத்திரமேரூர் ஏரி நிரம்பிக் கலங்கல் மேல் வழிந்து ஓடியது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"டீச்சர், அவ்வளவும் குடிக்கிற தண்ணியா?"

"ஆமாம்."

"அப்புறம் ஏன் வெளியே விடறீங்க?"

நான் சிரித்தேன். வீடியோவை அணைத்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினேன்.

மார்ச் மாதம் முதல் வாரம் ஷிஃபானா கவலையோடு வந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் அரைகுறை இங்கிலீஷ்தான் பாலம். டேங்க் ஒழுகுகிறது, தினம் முப்பது லிட்டராவது அதிகமாகக் குறைகிறது, மழை வர ஏப்ரல் கடைசி ஆகும் என்றாள். வெள்ளிக்கிழமை அவள் கணவன் கடலுக்குப் போகாமல் ஏணி போட்டு ஏறி, குழாய் மூட்டுக்கெல்லாம் பசை பூசினான். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அவன் டேங்கைத் தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறிய இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தான். கோடு என் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் தட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அடச்சே, இதைக் கேட்கவா இத்தனை நாள் கூச்சப்பட்டேன் என்றிருந்தது.

இங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அதையே கணக்காகப் போட்டேன். ஒரு டேங்க் ஒழுகுகிறது, ஒரு நாளைக்கு முப்பது லிட்டர் குறைகிறது, ஐம்பது நாளில் எவ்வளவு? முதல் பெஞ்சுக் கண்ணாடிக்காரி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஒழுகினா கீழே மணல் ஈரமா இருக்கணுமே. ஈரம் எங்கே?"

சாக்பீஸ் கையிலேயே நின்றது. ஈர மணல் எங்கே என்று எனக்குத் தெரியும். என் வாசலில். வாசல் குழாய் அந்த டேங்கிலிருந்துதான் வருகிறது. பதினைந்து லிட்டர் வாளி, தினம் இரண்டு, வந்து ஐம்பது நாள். ஆயிரத்து ஐந்நூறு லிட்டர். அந்தக் குழந்தைக்குப் பால் கரைக்கிற தண்ணீரை நான் வாசலில் கொட்டியிருக்கிறேன். எங்கள் ஊரில் மடைத் தண்ணீருக்கு முறை தவறினால் மண்வெட்டியைத் தூக்குவார்கள். அந்த ஊரிலிருந்து வந்தவள் நான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

"கம்முனு கெட. நாளைலேர்ந்து தெளிக்காத, அவ்ளோதான். யாருக்குத் தெரியப் போவுது?"

"முழுப் பூசணிக்காங்க. கீறதோ ஒரு பிடி சோறு. எப்பிடி மறைக்கறது?"

"சொன்னா வூட்ட காலி பண்ணச் சொல்வாங்க சசி. அப்பறம் நீ எங்க, நான் எங்க? மறுபடியும் சனி ஞாயிறு புருஷனா இர்க்கணுமா நானு?"

எனக்கும் அந்தப் பயம்தான். மறுநாள் தெளிக்கவில்லை, கோலமும் போடவில்லை. வாயையும் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஷிஃபானா வந்தாள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் கடையில் வாங்கிய பெரிய தண்ணீர் கேன்.

"டேங்க் எங்களுது, ஒழுகினது எங்க தப்பு. உங்களுக்குத் தண்ணி கொடுக்க வேண்டியது நான்தானே. மன்னிச்சிடுங்க டீச்சர்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளை வாசலுக்குக் கூட்டிப் போய் வாளியைக் காட்டினேன், குழாயைக் காட்டினேன், கோலம் போட்ட இடத்தைக் காட்டினேன். ஒழுகியது டேங்க் இல்லை, நான்தான் என்றேன்.

"கிணத்துத் தண்ணின்னு நினைச்சேன். எத்தனை வாளி?" என்று மட்டும் கேட்டாள்.

"தினம் ரெண்டு."

வாளியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள். கேன் எங்கள் வாசலிலேயே இருந்தது. அதை வீட்டுக்குள் எடுத்து வைக்க எங்கள் இருவருக்கும் கை வரவில்லை. அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தூசியைத் துடைத்தார்.

காலையில் கதவைத் திறந்தால் ஷிஃபானா நின்றிருந்தாள். கையில் ஒரு பழைய பால்பவுடர் டின். உள்ளே, தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு இடித்த கரித்தூள்.

"இதுக்குத் தண்ணி வேண்டாம்," என்றாள். "எங்கே ஆரம்பிப்பீங்கன்னு காட்டுங்க. நீங்க வந்த நாளிலேர்ந்து கேக்கணும்னு நினைச்சேன். டீச்சராச்சேன்னு கூச்சமா இருந்தது."

வெள்ளை மணலில் கருப்புக் கோலம். ஊரில் என் அம்மா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். புள்ளி வைத்தேன், கம்பி இழுத்தேன். அவளும் குந்தி உட்கார்ந்து ஒரு மூலையைக் கோணலாக இழுத்தாள். அது முடிந்ததும் நானே எழுந்து டேங்க் அருகில் போனேன்.

"எப்படிக் கேக்கறீங்க? எனக்கும் சொல்லுங்க."

என் காதை டேங்கில் வைத்து, என் விரலைப் பிடித்து அவளே தட்டவைத்தாள். மேலே வெறும் ஓசை. முழங்காலுக்குக் கீழே சத்தம் கனத்தது.

"மழை வர்ற வரைக்கும் வருமா?" என்றேன்.

அவள் உதடு அசைய மெல்லக் கணக்குப் போட்டாள்.

"பார்த்துச் செலவு பண்ணினா வரும்," என்றாள். "அஞ்சு பேருக்கு."

அவர்கள் வீட்டில் குழந்தையையும் சேர்த்து மூன்று பேர்தான். நான் உள்ளே ஓடி, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் திரும்பத் தள்ளச் சொன்னேன்.