மகாசரில் ஒரு வீடு

நஜியா சிதம்பரத்தில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய துறையும் இந்தோனேசியாவில் மகாசர் என்ற கடலோர நகரத்துப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. இரண்டு ஊர்ப் பக்கமும் அவர்கள் ஆராய்கிற அலையாத்திக் காடு உண்டு. இங்கிருந்து ஒரு பிள்ளை அங்கே போய் ஒரு செமஸ்டர் படிக்கும், அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வரும். விடுதி கிடையாது. போகிறவளின் வீட்டில்தான் வருகிறவள் தங்கவேண்டும். அதனால் ஒரு வீடு மறுத்தாலும் இரண்டு பேருடைய பயணமும் நின்றுபோகும்.

நஜியாவின் அம்மா சைனம்பு மறுத்துவிட்டாள்.

அவள் கணவர் ரஹ்மத்துல்லா குவைத்தில் வருஷக்கணக்காக லாரி ஓட்டிவிட்டு வந்து, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருப்பவர். கடல் தாண்டுவது அவருக்குப் பெரிய விஷயமில்லை. சைனம்புவுக்கோ கடல் தாண்டிப் போனவருக்காகக் காத்திருந்தே பாதி வயசு கழிந்திருந்தது. அவர் போனது பிழைப்புக்கு, அதைத் தடுக்க வழியில்லை. படிப்புக்கு எதற்கு அவ்வளவு தூரம், சிதம்பரத்தில் இல்லாத படிப்பா என்பது அவள் கேள்வி. நஜியா அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரே ஒரு தடவை, மகாசரில் தான் தங்கப்போகும் வீட்டு அம்மாவிடம் பேசிப் பார்க்கச் சொன்னாள். அப்புறம் நீ என்ன சொன்னாலும் சரி என்றாள்.

அந்த அம்மாவின் பெயர் ரோஸ்மினி. மகாசர் துறைமுகத்துப் பக்கம் மீன் வியாபாரம் செய்கிறவள். வீடியோவில் முகம் தெரிந்ததும் இருவரும் சலாம் சொல்லிக்கொண்டார்கள். அதற்குமேல் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. சற்று நேரம் சிரித்தபடியே இருந்தார்கள். பிறகு ரோஸ்மினி போனை எடுத்துக்கொண்டு நடந்தாள். நஜியா படுக்கப்போகும் அறையைக் காட்டினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டி, அது உறுதியாக இருப்பதைக் காட்டினாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, மறுபடி போட்டுக் காட்டினாள்.

சைனம்பு போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, "போயிட்டு வரட்டும்" என்றாள்.

ஜூலையில் நஜியா போனாள், ரோஸ்மினியின் மகள் ரத்னா வந்தாள். நம்ம ஊர்ப் பெயராக இருக்கிறதே என்று தெருவே அதிசயப்பட்டது. மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிற பெண். சைனம்புவின் இட்லியை மரியாதைக்காகத் தின்றுவிட்டு, மிஞ்சின சோறு இருக்கிறதா என்று சட்டியை எட்டிப் பார்ப்பாள். காலையில் ரயிலேறிச் சிதம்பரம் போய், அங்கிருந்து பஸ்ஸில் கிள்ளை அலையாத்திக் காட்டுக்குப் போவாள். சாயங்காலம் முழங்கால் வரை சேறு காய்ந்துபோய்த் திரும்பி வந்து, அன்றைக்குப் புதிதாகக் கற்ற தமிழ் வார்த்தையைச் சொல்லிக் காட்டுவாள். படகுக்காரர்களிடம் கற்றதால் அதில் சிலவற்றைச் சைனம்பு உடனே மறக்கச் சொல்லவேண்டியிருந்தது.

நவம்பர் மழை அடைத்துக்கொண்டு பெய்த ஒரு மத்தியானம், ரத்னாவின் போன் அடித்தது. ரோஸ்மினிதான். பேசப் பேச ரத்னாவின் முகம் மாறியதைச் சைனம்பு பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள்.

நஜியாவுக்கு இரண்டு நாளாக வயிற்றுவலியாம். படிப்பு கெடுமென்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். இப்போது ஆஸ்பத்திரியில் அரை மயக்கத்தில் கிடக்கிறாள். இதை ரத்னா தனக்குத் தெரிந்த தமிழிலும் கைச்சாடையிலும் சொன்னாள். "குடல் பக்கத்துல சின்னது ஒண்ணு, கெட்டுப்போச்சு, அம்மா. இப்போ கட் பண்ணணும். சரியான்னு டாக்டர் உங்களைக் கேக்கறாங்க."

ரஹ்மத்துல்லாவுக்குப் போட்டால் லைன் கிடைக்கவில்லை. கடைத்தெருவில் தண்ணீர் ஏறி, அவர் சரக்கை மேலே தூக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த டாக்டர் யார், அது என்ன ஆஸ்பத்திரி, சைனம்புவுக்கு ஒன்றும் தெரியாது. போனில் ரோஸ்மினியின் முகம் தெரிந்தது. தலைத்துணி கலைந்து, கண் சிவந்து, மீன் வாங்கப்போன உடுப்போடு அப்படியே ஓடிவந்தவள் மாதிரி இருந்தாள்.

"ரத்னா, டாக்டர்கிட்ட சொல்லு. என்னைக் கேக்க வேணாம், உங்க அம்மாவைக் கேக்கச் சொல்லு. அவுங்க என்னா சொல்றாங்களோ அதுதான் நான் சொல்றது."

ரத்னா அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். ரோஸ்மினி நெஞ்சில் கைவைத்துக் குனிந்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பித் தலையசைத்தாள்.

ரஹ்மத்துல்லா நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தபோது குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. இன்னும் ஒரு பொழுது தள்ளியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்களாம். அவர் சேதி கேட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். ரோஸ்மினி கட்டிலுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள், நஜியா தூங்குவது அதில் தெரிந்தது. அவளே ஈரத்துணியால் நஜியாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சைனம்பு பார்த்துக்கொண்டேயிருந்தாள். அந்தக் கை தன் கையாக இல்லையே என்று ஒரு கணம் வயிறு எரிந்தது. அடுத்த கணமே அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

அப்போதுதான் ரத்னா மூலையில் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தது கண்ணில் பட்டது. அவ்வளவு நேரம் இரண்டு பக்கத்துப் பேச்சையும் சுமந்த பெண். மத்தியானச் சோறும் சாப்பிட்டிருக்கவில்லை. சைனம்பு சோற்றைப் பிசைந்து அவள் வாயில் ஊட்டினாள்.

ரஹ்மத்துல்லா மகாசருக்குக் கிளம்ப அலைந்துகொண்டிருந்த நாலாம் நாள், நஜியா உட்கார்ந்து பேசினாள். "அத்தாவை அலைய வேணாம்னு சொல்லும்மா. இங்க எனக்கு ஒரு கொறையும் இல்ல." ரோஸ்மினி கடையை மூடிவிட்டுக் கூடவே இருக்கிறாள் என்றும், கஞ்சியில் உப்புப் போடமாட்டேன் என்கிறாள் என்றும் புகார் சொன்னாள்.

சைனம்புவுக்கு ரோஸ்மினியிடம் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. அதை ரத்னா வழியாகச் சொல்ல மனசில்லை. உங்க பாஷையில் நன்றிக்கு என்ன வார்த்தை என்று கேட்டாள். தெரிமா காசி என்றாள் ரத்னா. சைனம்பு அடுப்படியில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினாள். போனில் ரோஸ்மினி வந்ததும், "தெரிமா காசி" என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.

ரோஸ்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். "சம சம."

சைனம்பு ரத்னாவைத் திரும்பிப் பார்த்தாள். "சமம்னா சொல்றாங்க?"

"ஆமாம்மா. நன்றி சொன்னா நாங்க அப்படித்தான் சொல்லுவோம். உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுதான்னு அர்த்தம்."

தன் ஊர்ச் சொல் ஒன்று தனக்கு முன்னாலேயே கடல் தாண்டிப் போய் அங்கே குடியிருப்பதைக் கேட்டுச் சைனம்பு சிரித்தாள். பல நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு அது.

ஜனவரியில் பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். கிள்ளைச் சேற்றைப் பற்றி ரத்னாவும், மகாசர்ச் சேற்றைப் பற்றி நஜியாவும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதுகிறார்கள், இன்னும் முடியவில்லை. அடுத்த வருஷத்துக்குத் தேர்வான பெண் கயல்விழி, சிப்காட் தொழிற்சாலையில் வேலை செய்யும் பழனிவேலின் மகள். அவளுடைய அம்மாவும் முதலில் முடியாது என்றுதான் சொன்னாள். துறையிலிருந்து சைனம்புவை ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டார்கள். சைனம்பு புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.