சின்ன விரிப்பு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான இடம் இல்லைதான், என்ன செய்ய? என் கடைவாய்ப்பல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் "தமிழா?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பல்லை மறந்துவிட்டோம்.

வீங்கிய வாயோடு அவர் சொன்னார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். கதை நெஞ்சை அடைக்கிற இடத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்தா அவரை உள்ளே கூப்பிட வேண்டும்? "இருங்க, வந்து சொல்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பல்லைக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தபோது அவர் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்.

ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்: முடிவு என்னிடம் இல்லை. கடைசிப் பக்கத்தில் வந்து என்னோடு சண்டைக்கு நிற்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்த அந்தச் சலவைக்கூடத்தில் வெள்ளை விரிப்புகள் மேகங்களைப் போல..."

வேண்டாம். ஆவியும் பிளீச் வாடையும் நிறைந்த இடத்தில் மேகத்துக்கு என்ன வேலை?

இரண்டாம் முயற்சி: "போர் அவளிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது, ஆனால்"

இதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் பறிக்கவில்லை. வீட்டுக்காரர் இருக்கிறார், வாய் இருக்கிறது. அவளென்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. பல்வலியோடு எனக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்த மனுஷி.

மூன்றாவது: அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.

3

அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டு, திட்டப் பொறுப்பாளர் கழுத்தில் மாட்டுகிற அட்டையிலும் அப்படியே அச்சடித்துவிட்டார். அக்கா, அனுபவ ஆலோசகர். தமிழ் தெரியாத, தலை நரைத்த மனிதர்களெல்லாம் அவரைப் பயபக்தியோடு அக்கா என்றார்கள். அவரும் திருத்தவில்லை. "இருந்துட்டுப் போகட்டும், நாலு பேர் மரியாதையாக் கூப்பிடறாங்கல்ல" என்றார் என்னிடம்.

அது அகதிகளாக வந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கிற ஒரு திட்டம். நூலகத்தின் பின்கட்டில், மாடியில், வட்ட மேசை போட்ட ஓர் அறை. அந்த மேசையைச் சுற்றிப் படித்தவர்கள் இருந்தார்கள். பட்டவர்கள் யாரும் இல்லை. அதனால் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சம்பளம் கிடையாது, தொண்டுதான். தேநீரும் பிஸ்கட்டும் உண்டு.

வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. "பட்ட கஷ்டத்துக்கெல்லாம் ஒரு பதவி குடுத்திருக்காங்க பாரு. அப்படின்னா எனக்கு மேனேஜர் வேலையே தரணும்" என்பார். அவர் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தார்.

"நீங்க பட்டதெல்லாம் என்னாலதானே? அது கணக்குல வராது" என்பார் அக்கா.

அந்த அறையில் அக்கா செய்த பெரிய காரியம் ஒன்றுதான். ஒரு விதி கொண்டுவந்தார். வேலை தேடி வருகிறவரிடம் பழையதைக் கேட்காதீர்கள், அவராகச் சொன்னால் மட்டும் கேளுங்கள்.

ஏனென்றால் அக்கா ஊரில் வங்கியில் காசாளராக இருந்தவர். இங்கே வந்து வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், கூட்டல் கழித்தல் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படி வந்தீர்கள் என்றே கேட்டார்கள். அக்காவும் சொன்னார். கேட்டவர்கள் அழுதார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். வேலை மட்டும் கொடுக்கவில்லை. "அழுதவங்க யாரும் என்னைத் திருப்பிக் கூப்பிட்டதே இல்லைங்க. என்னைப் பார்த்தாலே அவங்களுக்கு அழுகை வந்துடும்ல, அப்புறம் எப்படி வேலைக்கு வெச்சிப்பாங்க?"

இதை அந்த மேசையில் சொன்னபோது கைதட்டினார்களாம். விதியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, வேலை கொடுக்கிற இடங்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். வந்த நாளிலிருந்து தன் பேச்சு ஒன்று எடுபட்டது அன்றைக்குத்தான் என்றார் அக்கா. அன்று இரவு அவருக்கு நிம்மதியான தூக்கம்.

4

(இங்கே ஒரு சந்தேகம். அடுத்து வருகிற மனிதரை நான் பார்த்ததே இல்லை. அக்கா சொன்னதை வைத்துத்தான் அவரை உருவாக்குகிறேன். அக்கா அவரைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்: மெலிந்த ஆள், சட்டையின் மேல்பித்தான்வரை போட்டிருப்பார், யார் என்ன சொன்னாலும் சரி என்பார். அவருக்கு ஒரு மீசை வைக்கலாமா என்று அரைநாள் யோசித்தேன். மீசை வேண்டாம். உள்ளதே போதும்.)

கம்பவுண்டர் என்று அவருக்குப் பெயர். ஊரில் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அக்காவைவிட இளையவர். மனைவியோடு இங்கே வந்துவிட்டார். மகள் ஊரிலேயே சித்தி வீட்டில் தங்கிவிட்டாள், பள்ளிக்கூடம் போகிற வயது. அப்பாவுக்கு நிரந்தர வேலை இருந்தால்தான் அவளை வரவழைக்க மனுப் போடலாம் என்பது இங்கத்திய சட்டம். வேலை இல்லையென்றால் மகள் இல்லை. இவ்வளவுதான் அந்தக் குடும்பத்தின் கதை.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் அவரிடம் பழையது எதையும் கேட்கவில்லை. விதி இருக்கிறதே. "ஆஸ்பத்திரியில வேலை பார்த்தேன்" என்று அவராகச் சொன்னார். எல்லாருக்கும் சந்தோஷம். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரருக்கு ஆஸ்பத்திரி! அக்காவும் "நல்ல இடம் தம்பி, கெட்டியாப் புடிச்சிக்குங்க" என்றார்.

அவர் "சரிங்கக்கா" என்றார்.

5

சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் அக்காவை வரச் சொன்னார்.

இந்த மேற்பார்வையாளரை முதல் வரைவில் ஒரு கொடுமைக்காரனாக எழுதியிருந்தேன். எழுதும்போது சுகமாக இருந்தது. ஆனால் அக்கா அப்படிச் சொல்லவில்லை. அவர் தங்கமான மனுஷன் என்றுதான் சொன்னார். கெட்டவன் ஒருத்தன் இருந்திருந்தால் எனக்கும் வேலை சுலபமாகியிருக்கும், அக்காவுக்கும்.

பெரிய விரிப்புகளை அங்கே இயந்திரமே தேய்த்து மடித்துவிடும். குழந்தைகள் வார்டுக்குப் போகிற சின்ன விரிப்புகள் இயந்திரத்தில் நிற்காது, சுருண்டுவிடும். அவற்றைக் கையால் மடிக்க வேண்டும். அந்த மேசையில்தான் கம்பவுண்டர் நின்றார். ஆள் நேரம் தவறமாட்டார், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சில நாட்களாக வார்டிலிருந்து விரிப்புகள் திரும்பி வந்தன.

மேற்பார்வையாளர் தள்ளுவண்டியிலிருந்து ஒன்றை எடுத்து அக்கா முன்னால் வைத்தார். விரிப்பு நீளவாக்கில் மூன்றாக மடிக்கப்பட்டு, இரண்டு நுனிகளும் திருகி முடிச்சிடப்பட்டிருந்தது.

"இப்படி மடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நூறு தடவை காட்டிக் கொடுத்தாயிற்று. சரி சரி என்கிறார், அன்றைக்கு நன்றாக மடிக்கிறார், மறுநாள் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு மூன்று இப்படி வந்துவிடுகிறது. இது என்ன?" என்றார் அவர், அவர்கள் மொழியில்.

அக்காவுக்கு அது என்னவென்று தெரியும். பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: போரில் சவப்பெட்டி கிடைக்காத காலத்தில் இறந்துபோன பிள்ளைகளை விரிப்பில் சுற்றித் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அப்படித்தான் முடிச்சுப் போடுவார்கள்.

[இந்த இடத்தில் நீளமாக ஒரு பத்தி இருந்தது. கம்பவுண்டர் இருந்த ஊர் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நடந்ததை எழுதியிருந்தேன். நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்ததுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த மனிதர் வாய் திறந்து சொல்லாததை என் எழுத்து மேசையில் உட்கார்ந்து ஜோடிக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? எடுத்துவிட்டேன்.]

"நீங்க அவர்கிட்ட கேக்கலையா?" என்றார் அக்கா.

மேற்பார்வையாளர் சங்கடத்தோடு சுவரைக் காட்டினார். தீயணைப்புக் குறிப்புக்குப் பக்கத்தில் அக்காவின் விதி மாட்டியிருந்தது. பெரிய எழுத்தில், அழகாக, கண்ணாடிச் சட்டம் போட்டு.

"நீங்கள் சொன்னபடிதான் நடக்கிறோம். ஆனால் வெள்ளிக்கிழமை அவரை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று நான் மேலே சொல்லியாக வேண்டும். காரணம் ஏதாவது இருந்தால் பேசிப் பார்க்கலாம். இல்லையென்றால் வேலையில் கவனம் இல்லை என்றுதான் சொல்ல முடியும்."

அக்கா சட்டென்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் காரணத்தைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அழுவார்கள். தண்ணீர் கொடுப்பார்கள். வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள்.

"கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

6

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா கம்பவுண்டர் வீட்டுக்குப் போனார். ஒரே அறை. ஜன்னலோரம் ஒரு சின்னக் கட்டில், மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மகளுக்காக வாங்கியது.

"வாங்கக்கா, வாங்க! உங்க புண்ணியத்துலதான் இந்தக் கட்டிலே வந்துச்சு" என்றார் கம்பவுண்டரின் மனைவி. அக்காவுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. கம்பவுண்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மேல்பித்தான்வரை போட்டிருந்தார்.

"வேலையெல்லாம் எப்படித் தம்பி?"

"நல்லாப் போகுதுக்கா."

"கஷ்டம் ஏதாவது?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"கஷ்டம் இல்லையாம்!" என்று சிரித்தார் மனைவி. "இவரு செய்யற கூத்தைக் கேளுங்கக்கா. ஊரான் வீட்டுத் துணியெல்லாம் நாள் முழுக்க மடிக்கிறாரு. பிள்ளைக்குன்னு ஆசையா ஒரு விரிப்பு வாங்கினேன், துவைச்சுக் காயப் போட்டு எடுத்து வெச்சிருக்கேன், அதை மடிச்சு வைங்கன்னா தொடவே மாட்டேங்கறாரு. அந்தப் பக்கம்கூடத் திரும்பறதில்ல. எத்தனை நாளா இப்படியே கெடக்கு பாருங்க!"

மஞ்சள் விரிப்பு. ஓரத்தில் வாத்துகள். அக்கா அதைப் பார்த்தார். கம்பவுண்டர் தரையைப் பார்த்தார். மனைவிக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. ஊர் ஆஸ்பத்திரியின் கடைசி நாட்களில் மனைவியும் மகளும் வேறு பக்கம் அகப்பட்டிருந்தார்கள். அவரைப் பொறுத்தவரை புருஷன் மருந்து கலந்து கொடுத்துக்கொண்டிருந்தவர்.

"டீ போட்டுட்டு வரேன்" என்று மனைவி தடுப்புக்குப் பின்னால் போனார். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.

அக்கா குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்த நூலக மேசைல உங்களைப் பேசவே விடலையா நாங்க?" என்றார்.

"ஐயோ, அப்படி இல்லக்கா." அவர் நிமிரவில்லை. "யாரும் எதுவும் கேக்கலை. இங்க அதெல்லாம் பேசக்கூடாது போலன்னு நெனச்சேன். வேலை செய்யற எடத்துச் சுவத்துலகூட எழுதி மாட்டியிருக்காங்களே."

அக்காவுக்கு அழுகை வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். (அந்தப் பல்லுக்குத்தான் வைத்தியம் பார்க்க வந்தேன் என்று என்னிடம் சொன்னார். அவர் அப்படித்தான், எதையும் ஒரு சிரிப்போடுதான் சொல்லுவார். அப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.)

இந்த இடத்தில்தான் பல் மருத்துவரின் அறையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

7

முடிவு, முதல் முயற்சி. அக்கா கேட்கிறார், கம்பவுண்டர் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறார், மேற்பார்வையாளர் அவரைத் துண்டுகள் மடிக்கிற மேசைக்கு மாற்றுகிறார், விமான நிலையத்தில் மகள் ஓடி வந்து

நானே எழுதி நானே நம்பவில்லை. துண்டுகளையும் இயந்திரம்தான் மடிக்கிறது.

இரண்டாம் முயற்சி. அக்கா கேட்காமல் எழுந்து வந்துவிடுகிறார். மேற்பார்வையாளரிடம், அவருக்குக் கண் பார்வை சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி வேலையைக் காப்பாற்றுகிறார். மகள் வருகிறாள். அந்தச் சின்னக் கட்டிலில் தூங்குகிறாள். காலையில் அவள் விரிப்பை மடிக்க அப்பா

இதற்கு மேல் என் கை நகரவில்லை. இரண்டு நாள் வேறு வேலை பார்த்தேன்.

8

ஆகவே கதையை இப்படி விட்டுவிடுகிறேன்.

அக்கா எழுந்து போய் அந்த மஞ்சள் விரிப்பை எடுக்கிறார். ஒருவரே மடிக்கக்கூடிய விரிப்புதான். ஆனாலும் இரண்டு முனைகளைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டு முனைகளைக் கம்பவுண்டர் பக்கம் நீட்டுகிறார்.

"தம்பி," என்கிறார்.

அடுத்த வரி என்னிடம் இல்லை. இனி நீங்கள்தான் அங்கே நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை நாளைக்கு. கேட்டால் அந்த மனிதர் உடைந்துபோகலாம், வேலையும் போகலாம். கேட்காவிட்டால் அவர் ஆயுசுக்கும் தனியாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். தடுப்புக்குப் பின்னால் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது, மனைவி அதை மூடிவிட்டால் பேச முடியாது. கம்பவுண்டர் இன்னும் கையை நீட்டவில்லை. உங்களைப் பார்க்கவும் இல்லை, வாத்துகளைப் பார்க்கிறார்.

கேளுங்கள், அல்லது கேட்காதீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த விரிப்பை மட்டும் கீழே போட்டுவிடாதீர்கள்.