நாலடி இரண்டு அங்குலம்

சுண்டைக்காய்க்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. வகுப்பிலேயே குட்டையானவள் என்பதால் வந்த பட்டப்பெயர் அது, வீடுவரை தொற்றிக்கொண்டது. அன்று போகவிருந்த அதே பொழுதுபோக்குப் பூங்காவில்தான் போன வருடம் டிராகன் ரயிலேறப் போய், "வளந்துட்டு வா பாப்பா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டாள். அவள் ஊரைக் கூட்டி அழுத அழுகையை நிறுத்த, "நீ வளந்ததும் அப்பாவே கூட ஏறுறேன்டா" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அப்பா தச்சர். கிளம்புமுன் அவளை அடுக்களைக் கதவு நிலையில் நிறுத்தி, காதில் செருகியிருந்த பென்சிலால் கோடு போட்டு, டேப்பை இழுத்தார்.

"நாலடி ரெண்டங்குலம்."

"அது போதுமாப்பா?"

"அங்க போயிப் பாத்துக்கலாம், நட."

பேருந்து முழுக்க அவள் நாலடி ரெண்டங்குலத்தைப் பாட்டாகப் பாடிக்கொண்டே வந்தாள். பூங்காவில் தம்பிப் பாப்பாவோடு அம்மா மரத்தடி பெஞ்சில் உட்கார, இவள் அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடினாள். டிராகன் வரிசையின் தொடக்கத்தில் பலகை தொங்கியது: 'உயரம் 50 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சிறுவர்களுடன் பெரியவர் ஒருவர் வர வேண்டும்.'

மீட்டர், சென்டிமீட்டர் எல்லாம் பத்து, நூறு என்றுதானே பள்ளியில் சொல்லித்தந்தார்கள்? நாலடி என்றால் நாற்பது. மேலே இரண்டு.

"நாப்பத்திரண்டு!" அவள் குரல் உடைந்தது. "எட்டங்குலம் குறையுதுப்பா."

அப்பா பலகையைப் பார்த்தார், தலைக்கு மேல் அலறிக்கொண்டு பாய்ந்த ரயிலைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "அப்படியா? சரி, அதனால என்ன, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். வா, சோளப்பொரி வாங்கித் தரேன்."

பெஞ்சுக்குத் திரும்பியதும், உட்கார்ந்தால் இடுப்பில் குத்துகிறதென்று டேப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே சோளப்பொரி வாங்கப் போனார். மகள் அழும்போது சீட்டியடிக்கிற தகப்பனை அவள் பார்த்ததே இல்லை.

அந்தப் பாழாய்ப்போன எட்டு அங்குலம் எவ்வளவுதான் என்று பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. டேப்பின் கொக்கியைச் செருப்பால் மிதித்துக்கொண்டு, நாற்பத்திரண்டு வரும்வரை மேலே இழுத்தாள். நாற்பத்திரண்டு கழுத்தோடு நின்றுவிட்டது.

"அம்மா! என் தலை எங்கம்மா போச்சு?"

"கழுத்து மேலதான் இருக்கு. ஏன்டி கத்துற, பாப்பா முழிச்சுக்கப்போறான்."

அவள் டேப்பைத் தரையில் விரித்து, மண்டியிட்டு எண்கள் வழியே ஊர்ந்தாள். பத்தில் ஒன்றுமில்லை. பதினொன்றிலும் இல்லை. பன்னிரண்டில் சிவப்பாக '1 அடி'. இருபத்து நாலில் '2 அடி'. முப்பத்தாறில் மூன்று. நாற்பத்தெட்டில், அப்பாடி, நாலு!

"அடிக்குப் பத்து இல்லம்மா, பன்னெண்டு! நாப்பத்தெட்டும் ரெண்டும் அம்பது! நான் அம்பதும்மா!" அவள் போட்ட கூச்சலில் தம்பி விழித்துக்கொண்டு சேர்ந்து கத்தினான்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடிக்குப் பன்னெண்டுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற மனுஷனாச்சே உங்கப்பா! ஸ்டூல் மேல ஏறினாலே அவருக்குக் காலு நடுங்கும். அதான் வாயே திறக்கல."

சோளப்பொரியோடு வந்த அப்பா, விரிந்து கிடந்த டேப்பைப் பார்த்ததும் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார். அவர் கையிலிருந்ததை அம்மா வாங்கிக்கொண்டாள். மறு கையைச் சுண்டைக்காய் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் அளவுக் கம்பத்தின் குறுக்குச் சட்டம் அவள் உச்சியைத் தொட்டது. "அம்பது. அச்சு அசலா அம்பது," என்றார் காவலாளி. "கூட யாரு வர்றா?"

அப்பா கையைத் தூக்கினார். வகுப்பில் விடை தெரியாத பையன் தூக்குவதுபோல அரைகுறையாக.

இருக்கையில் கம்பி வந்து பூட்டிக்கொண்டது. "உங்களுக்குத் தெரியும்தானேப்பா?"

"தெரியும்டா." அவர் அவளைப் பார்க்கவில்லை. "பயமா இருந்துச்சு."

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் கையைப் பற்றியிருந்த அவர் கை சில்லென்று வியர்த்திருந்தது. எவ்வளவு பெரிய மரத்தையும் அறுக்கிற கை. கோபம் வந்த வழியே போய்விட்டது.

ரயில் கடகடவென்று செங்குத்தாக ஏறியது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அப்பா, இது எத்தனை அடி உயரம்?"

"தொண்ணூறுன்னு போட்டிருந்துச்சு. பேசாதடா."

"அங்குலத்துல சொல்லுங்க. சீக்கிரம்!"

"இப்பவா?"

"இப்பதான்!"

"தொண்ணூறு... பன்னெண்டு..." அவர் உதடு முணுமுணுத்தது. நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது. "பத்துப் பங்கு தொள்ளாயிரம்... மீதி ரெண்டுக்கு நூத்தியெண்பது..."

உச்சியில் ரயில் ஒரு நொடி நின்றது. சுண்டைக்காய் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினாள். ரயில் கவிழ்ந்து பாய்ந்தது.

கீழே பெஞ்சில் இருந்த அம்மாவுக்கு, அத்தனை பேர் அலறலையும் தாண்டி ஒரே ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"ஆயிரத்தி எண்பதூஊஊ!"