நாற்பத்தைந்தில் ஓடிய பாட்டு

எங்கள் இசைக்குழுவுக்கு ஆட வருகிறவர்கள் எல்லாரும் கல்யாணமாகி இருபது வருஷம் தாண்டியவர்கள். கோடை வந்தால் இத்தாலியின் ரொமாஞ்ஞா பக்கம் ஊருக்கு ஊர் பலகை பரப்பி ஆடுதளம் போடுவார்கள். போல்கா, வால்ட்ஸ், மசூர்கா என்று எல்லாம் பழைய ஜோடி ஆட்டங்கள். கிளாரினெட் வாசிக்கும் குவெரினோதான் குழுத் தலைவர். நான் எதையும் வாசிக்கிறவன் இல்லை. பகலில் செங்கல் சூளையில் கல் சுமப்பேன், சாயங்காலம் குழுவின் ஒலிபெருக்கிகளைச் சுமப்பேன். இரண்டில் எது கனம் என்று கேட்டால் மாடிப்படி எத்தனை என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பாடுகிறவள் நீவெஸ். அப்போது நாற்பத்தாறு வயது. பகலில் பீச் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் நின்ற வாக்கில் வேலை. தடித்த குரல் அவளுக்கு, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல அடியிலிருந்து வரும். எண்பத்து மூன்றாம் வருஷக் குளிர்காலத்தில் குவெரினோ ஒரு பெரிய இசைத்தட்டு வெளியிட்டார். அதில் கடைசிப் பாட்டு நீவெஸே எழுதி மெட்டுக் கட்டியது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனுக்காக மூடுபனியில் கதவைச் சாத்தாமல் காத்திருக்கிற பெண்ணின் பாட்டு. நிதானமாகப் போகும். அந்தப் பாட்டு வந்தால் கிழவர்கள் மனைவியின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு ஏறக்குறைய தூங்குவார்கள்.

குவெரினோவின் அக்கா மகன் லோரிஸ், குன்றின் மேலிருக்கும் டிஸ்கோவில் தட்டுப் போடுகிறவன். ஞாயிறு மத்தியானம் இளவட்டங்கள் ஸ்கூட்டரில் அங்கே குவிவார்கள். நடுவில் அரைமணி நேரம் விளக்கைக் குறைத்து மெதுவான பாட்டுப் போடுவான். பையன்கள் தைரியத்தைத் திரட்டிப் பெண்களை ஆடக் கூப்பிடும் நேரம் அது. மாமாவின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு ஞாயிறு அந்த நேரத்துக்கு நீவெஸின் பாட்டை எடுத்தான். எங்கள் தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில் ஓடவேண்டியது. அவனுடையவை எல்லாம் நாற்பத்தைந்து. விசையை மாற்ற மறந்துவிட்டான்; பாட்டு தலைதெறிக்க ஓடியது.

மறுநாள் சாயங்காலம் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் நாங்கள் ஒத்திகையில் இருந்தபோது மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"நீவெஸ் அக்கா, ஒக்காரு. நின்னுக்கிட்டு இதக் கேக்காத."

"காலைலேர்ந்து நின்னுக்கிட்டுதான் இருக்கேன். சொல்லு."

"ஒன் பாட்டுக்கு ஆடுனாங்க அக்கா! வெளிய சிகரெட்டுக்குப் போனவன்லாம் திரும்பி ஓடியாந்தான். மூணு தடவை போடச் சொன்னாங்க. 'யாருடா இந்தப் பொண்ணு, இங்கிலீஷ்காரியா'ன்னு கேக்குறாங்க."

"அது நம்ம பாஷைடா மடையா," என்றார் குவெரினோ.

"அந்த வேகத்துல என்ன பாஷைன்னு யாருக்கு மாமா தெரியும்?"

தட்டைப் போட்டு விசையைத் தள்ளினான். சின்ன டமாரம் குதித்தது. அக்கார்டியன் யந்திரம் மாதிரி படபடத்தது. அதற்கு மேல் ஒரு குரல், பதினெட்டு வயதுப் பெண்ணின் குரல், யாருக்கும் பயப்படாத குரல். பாட்டு முடியும்வரை நீவெஸ் அசையாமல் கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு வாட்டி போடு," என்றாள்.

பத்து நாளில் மிலானிலிருந்து இசைத்தட்டு முதலாளி ஒருவர் வந்தார். பிரம்பாத்தி என்று பெயர். வெள்ளை ஷூ. அந்த ஷூவோடு எங்கள் வாசல் சேற்றை அவர் பார்த்த பார்வையில் குவெரினோவுக்கு அப்போதே அவரைப் பிடிக்காமல் போயிற்று.

நீவெஸைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு மரியாதையாகவே சொன்னார். "அம்மா, ஒளிச்சுப் பேசல. இந்த வேகத்திலயே ட்ரம் சேர்த்து இந்தக் கோடைக்கு விடப் போறேன். வர்ற ஞாயித்துக்கிழமை அந்தப் பசங்க முன்னாடி, தட்டுல கேக்குற மாதிரி நீங்க நேர்ல பாடிக் காமிச்சா அட்டைல உங்க பேரு, உங்க படம். முடியலன்னா உதட்டை அசைக்க ஒரு பொண்ணைப் பிடிச்சுக்குறேன். இப்ப எல்லாரும் செய்யுறதுதான்."

"அவ பாட்டுக்கு வேறொருத்தி உதடா?" குவெரினோ எழுந்துவிட்டார்.

"நீ ஒக்காரு," என்றாள் நீவெஸ். "ஞாயித்துக்கிழமை வர்றேன் சார்."

அவளுக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது. இருபது வருஷம் பாடியும் சுவரொட்டியில் 'குவெரினோ குழு' என்றுதான் இருக்கும். தன் பெயரைத் தாங்கி ஒரு தட்டு வெளிவரவேண்டும் என்று ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள், வண்டியில் பெட்டி ஏற்றும்போது, என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த வாரம் முழுக்க முயன்றாள். மேல் சுரத்துக்குப் போனால் தொண்டை கிழிந்தது. "குருவி தொண்டையில பருப்பு மாட்டுனாப்ல இருக்கு," என்றார் குவெரினோ. சரி, அவளுடைய சுரத்திலேயே வேகமாக வாசித்துப் பார்ப்போம் என்றார்கள். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"பூசையை முடிச்சிட்டு சாப்பாட்டுக்கு ஓடுற பாதிரியார் மாதிரி இருக்கு," என்றேன் நான்.

"நீ பெட்டியத் தூக்குறவன். பெட்டியத் தூக்கு," என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பேச்சுக் குரலே கம்மிப்போயிற்று. சனிக்கிழமை அவள் ஒத்திகைக்கு வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் குழுவோடு வெயிலிலிருந்து அந்த டிஸ்கோ இருட்டுக்குள் நுழைந்தோம். வாசலில் நின்ற தடியன் அவளைப் பார்த்து, "மகளைத் தேடி வந்தீங்களா அம்மா?" என்று கேட்டான்.

"அப்படித்தான்னு வெச்சுக்கயேன்."

பிரம்பாத்தி மதுக்கவுண்டரில் சாய்ந்து நின்றார். மைக்கை மாட்டிவிட்டு நான் சுவரோரம் ஒதுங்கினேன். லோரிஸ் கையைத் தேய்த்துக்கொண்டு, "ரெடியா அக்கா? நாப்பத்தஞ்சு வேகத்துல குழு வாசிக்கட்டும், நீ மேல பாடு," என்றான்.

"வேணாம். மெதுவாட்ட நேரம் எப்ப?"

"இப்பத்தான் வரும். ஆனா அக்கா..."

"அப்பவே பாடுறேன். எப்படி எழுதுனனோ அப்படி. குவெரினோ, எடு."

குவெரினோ கிளாரினெட்டை உதட்டில் வைத்தார். விளக்குக் குறைந்தது. அவள் பாடினாள், கம்மிய தொண்டையோடு, வழக்கத்தைவிட இன்னும் அடியிலிருந்து. பையன்கள் பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெண்களைக் கூப்பிட்டார்கள். எண்ணெய் தடவிய தலையும் தூக்கிக் கட்டிய கொண்டையுமாக அந்தப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து மெள்ளச் சுற்றினார்கள். எங்கள் கிழவர்கள் ஆடுகிற மாதிரியேதான். அவர்கள் குதித்தாடிய அதே பாட்டுதான் அது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

முடிந்தபோது கைதட்டினார்கள், யாரோ வீட்டுப் பெரியம்மாவுக்குத் தட்டுகிற மாதிரி. உடனே பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "லோரிஸ்! அந்தப் பொண்ணைப் போடுடா!"

லோரிஸ் நீவெஸைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். தட்டு நாற்பத்தைந்தில் சுழன்றது. நீவெஸ் மேடையைவிட்டு நேராகக் கூட்டத்துக்குள் இறங்கினாள். பீச் கொட்டகையில் வீங்கிய காலோடு ஆடினாள். பக்கத்திலிருந்த பெண் அவள் காதருகே, "சூப்பரா ஆடுறீங்க! இந்தப் பொண்ணை உங்களுக்கும் பிடிக்குமா?" என்று கத்தினாள்.

"பிடிக்குது," என்று நீவெஸ் திருப்பிக் கத்தினாள்.

பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு பிரம்பாத்தியிடம் வந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"பொண்ணைப் பிடிச்சுக்கங்க சார். அது நான் இல்ல. அந்த வயசுல என்னை ஞாயித்துக்கிழமை வெளிய விட்டதில்ல. அவளாவது போகட்டும். ஆனா தட்டுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? அங்க என் பாட்டு, என் வேகத்துல. அதுல நீவெஸ் துராந்தினின்னு முழுப் பேரும் இருக்கணும்."

"பின்பக்கத்தை யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

"அது உங்களுக்கு ஏன்? போடுவீங்களா, மாட்டீங்களா?"

அவர் தோளைக் குலுக்கினார். "போடுறேன்."

வெளியே வந்ததும் குவெரினோ குதித்தார். "பைத்தியமாடி நீ? முன்பக்கத்தை அள்ளிக் குடுத்துட்டு வந்திருக்க!"

"என்னால அது பாட முடியாதுய்யா. ஊர் ஊரா வாயை அசைச்சுக்கிட்டுத் திரியணுமா? என் பாட்டுக்கே நான் ஊமையா நிக்கணுமா?"

அந்தக் கோடையில் ரிமினிக் கடற்கரை முழுக்க அந்தப் பாட்டுதான். ஃபெராரா நகரத்திலிருந்து ஒல்லியான பொண்ணு ஒருத்தி 'ஜெஸ்ஸி ப்ளூ' என்ற பெயரில் டிவியில் உதட்டை அசைத்தாள். நல்ல பிள்ளைதான், பாவம், மூச்சு எடுக்கும் இடம் மட்டும் தப்பும். பீச் கொட்டகையில் ரேடியோவில் அது வரும்போது சின்னப் பெண்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டே பழம் பிரிப்பார்களாம். நீவெஸும் சேர்ந்து ஆட்டுவாளாம்.

குன்றின் மேல், ஞாயிறு மத்தியானம் விளக்குக் குறைகிற நேரத்தில், லோரிஸ் அதே தட்டைப் புரட்டிப் போட ஆரம்பித்தான். செப்டம்பரில் ஒரு பையன் சங்கக் கட்டடத்துக்கு வந்தான். நான் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"இங்க நீவெஸ் துராந்தினின்னு பாடுறவங்க யாரு?"

"எதுக்கு?"

"எங்க கல்யாணத்துக்கு அவங்கதான் பாடணும்னு நான் கட்டிக்கப் போறவ பிடிவாதமா நிக்குறா. அந்தப் பாட்டுலதான் மொதமொதல்ல அவள ஆடக் கூப்பிட்டேன்."

உள்ளே போய்ச் சொன்னேன். குவெரினோ, "கூப்பிடுறது குழுவையா, இவளையா?" என்று முறைத்தார். நீவெஸ் மேல்கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"கல்யாணம் என்னிக்காம்? ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு வேலை இல்ல."